பொரிக்கிற வீட்டுக்கு ஏர் ஃப்ரையர் வாங்கலாம், அவிக்கிற வீட்டுக்கு வேண்டாம்

ஏர் ஃப்ரையர் வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டில் வாரத்துக்கு எத்தனை நாள் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுகிறது என்பதைத்தான். மூன்று நாலு நாள் மீன் பொரிப்பது, சாயங்காலம் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு, ஞாயிற்றுக்கிழமை கோழி என்று போகிற வீடு என்றால் தயங்காமல் வாங்குங்கள், காசு வீண் போகாது. கஞ்சியும் பயறும், புட்டும் கடலையும், அவியலும் துவரனும், மண்சட்டியில் மீன்கறியும் என்று ஓடுகிற வீடு என்றால் அந்தப் பெட்டியால் உங்களுக்குப் பெரிய பலன் ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் இருக்கிற நல்ல பழக்கம் கெட்டுப்போகவும் வாய்ப்பிருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் விளம்பரத்தில் எண்பது சதவீதம் கொழுப்பு குறைவு என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள், எதை விடக் குறைவு என்று போடுவதில்லை. எண்ணெயில் முக்கிப் பொரிப்பதை விடக் குறைவு. அவிப்பதை விட அல்ல.

நாங்கள் இருப்பது களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பாறசாலை வந்துவிடும், அது கேரளம். சாப்பாடு இரண்டு பக்கமும் ஒன்றுதான்: மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), சாளை (மத்தி மீன்), ஏத்தங்காய் (நேந்திரங்காய்), தேங்காய், சம்பா அரிசி. அப்பாவுக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது, எண்ணெயில் பொரித்ததைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு அண்ணன் வாங்கிக் கொடுத்ததுதான் இந்தப் பெட்டி. 4 லிட்டர் கூடை, 1,400 வாட், 80 டிகிரியிலிருந்து 200 டிகிரி வரை வைக்கலாம். பிராண்ட் பெயரை எழுதவில்லை, இந்த விலையில் வருகிற பெட்டிகள் எல்லாமே உள்ளே ஏறக்குறைய ஒன்றுதான். மேலே சூடாகிற கம்பிச் சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. சூடான காற்றை வேகமாகச் சுழலவிட்டு வேகவைக்கிறது. பிலிப்ஸ் கம்பெனி 2010-இல் பெர்லின் கண்காட்சியில் முதலில் கொண்டுவந்தது, அப்புறம் எல்லாரும் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். விசிறி வைத்த சின்ன அவன் என்று நினைத்துக்கொண்டால் இதில் எது நன்றாக வரும், எது வராது என்பது பாதி புரிந்துவிடும்.

“மக்களே, எண்ணெயில போடாம எப்படிப் பொரியும்?” என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. எண்ணெய்ச் சட்டியில் என்ன நடக்கிறது என்றால், 170, 180 டிகிரி எண்ணெயில் விழுந்ததும் பண்டத்துக்குள் இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடுகிறது, அது விட்டுப்போன சின்னச் சின்ன இடங்களில் எண்ணெய் ஏறுகிறது, அதிலும் சட்டியிலிருந்து எடுத்து ஆறவைக்கும்போதுதான் நிறைய இழுக்கும். அதனால்தான் ஏத்தங்காய் வத்தலில் (சிப்ஸ்) எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெயாகவே இருக்கிறது. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நம்மூரில் பொரிப்பது தேங்காய் எண்ணெயில், அதில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைகொழுப்பு, அதாவது ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டுகிற வகை. தேங்காய் எண்ணெய் சூட்டில் சீக்கிரம் கெடாது, அது உண்மை, அந்த வகையில் சூரியகாந்தி எண்ணெயை விடப் பொரிக்க ஏற்றதுதான். ஆனால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு கூடியிருக்கிற ஒருவருக்கு நிறைகொழுப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்றால் அதில் தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் விலக்கு கிடையாது. ஏர் ஃப்ரையரில் அரைக் கிலோ மீனுக்கு ஒரு டீஸ்பூன் தடவினால் போதும், பெட்டி செய்கிற பெரிய நன்மை இது ஒன்றுதான். எங்கள் வீட்டுக்கு அது மிகப் பெரிய நன்மை.

சாளையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், இந்தப் பெட்டியில் அதிகம் ஏறுவது அதுதான். மிளகாய்ப்பொடி, மஞ்சள், மிளகு, பூண்டு, உப்பு அரைத்துப் பூசி அரை மணி நேரம் வைத்து, மேலே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, 180 டிகிரியில் கால் மணி நேரம், நடுவில் ஒரு தடவை திருப்பிப் போட்டால் தோல் மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு போல வருகிறது. அயலையும் நன்றாக வரும். நெத்தோலி சரிப்படாது, காய்ந்து கூடையில் ஒட்டிக்கொள்கிறது. சூரை மீன் துண்டு காய்ந்துபோய் விறகாகிவிடும், அதைக் குழம்பில் போடுவதே மரியாதை. மழை விட்ட பிறகு வருகிற நெய்ச்சாளை என்றால் கூடைக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும், பார்த்தால் நாம் ஊற்றியது இவ்வளவு இல்லையே என்று தோன்றும். அது மீனின் சொந்த எண்ணெய். அதில்தான் ஒமேகா 3 என்கிற நல்ல கொழுப்பு இருக்கிறது, இதயத்துக்கு நல்லது என்று சொல்லி நாம் சாளை வாங்குவதே அதற்காகத்தான், அதில் ஒரு பங்கை நாம் கழுவி ஊற்றுகிறோம்.

எண்ணெயில் முக்கிப் பொரித்தாலும் இதே கதைதான், இன்னும் மோசம். மீனின் கொழுப்பு சட்டிக்குள் இறங்கும், சட்டி எண்ணெய் மீனுக்குள் ஏறும், கடைசியில் தின்கிற கொழுப்பில் நிறையச் சட்டி எண்ணெயாக இருக்கும். ஏர் ஃப்ரையரில் அந்த இடமாற்றம் இல்லை, ஆனால் சூடான காற்று முழுக்க மீன்மேல் வேகமாக அடிப்பதால் வேறொரு தொல்லை. கொழுப்பு காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் ஆகும், கொலஸ்ட்ராலும் ஆகும். பிரேசிலில் சாளை மீனை ஏர் ஃப்ரையரில் வைத்துச் சோதித்து 2017-இல் ஒரு ஆய்வு வந்தது. ஆக்சிஜனேற்றமான கொலஸ்ட்ரால் கூடியது, நல்ல கொழுப்பு அமிலங்கள் குறைந்தன, மீனோடு பச்சிலைகள் சேர்த்து வேகவைத்தபோது அந்தக் கெடுதல் குறைந்தது. அவர்கள் போட்டது அவர்கள் ஊர்த் தழைகள். நாம் கறிவேப்பிலையும் பூண்டும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிறோம், அதற்கும் அதே அளவு பலன் என்று எழுதிவிட என்னிடம் சோதனை முடிவு இல்லை, ஆனால் மசாலாவைக் கனமாகப் பூசுவதை நான் விடவே மாட்டேன்.

இதற்கெல்லாம் மேலே நிற்பது மண்சட்டி மீன்கறிதான். புளிமுளமோ, தேங்காய் அரைத்து வைத்த சாளை அவியலோ, எதுவாக இருந்தாலும் 100 டிகிரிக்கு மேல் போகாது, குழம்பு கொதிக்கிற சூடு அவ்வளவுதான். மீனிலிருந்து இறங்குகிற கொழுப்பு குழம்பில்தான் மிதக்கும், குழம்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறோம், ஒன்றும் வீணாவதில்லை. ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் மண்பாத்திரத்தை மிகப் பாதுகாப்பான பாத்திரம் என்றே சொல்லியிருக்கிறார்கள். அப்பா கேட்டால் நான் சொல்வது இதுதான்: கறி வைத்தால் முதல் மார்க், பெட்டியில் வைத்தால் இரண்டாவது, எண்ணெய்ச் சட்டி கடைசி. வாரத்தில் கறிநாளைக் குறைத்துப் பெட்டிநாளைக் கூட்டினால் நஷ்டம் நமக்குத்தான். மைனி வீட்டில் அப்படித்தான் ஆகிவிட்டது, பெட்டி வந்த பிறகு பிள்ளைகள் குழம்பே கேட்பதில்லை, தினமும் பெட்டி மீன். வாங்கும்முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கித் தின்கிற பொரித்த மீனோடு ஒப்பிட்டால் பெட்டி எங்கேயோ மேலே போய்விடும். சாயங்காலத் தட்டுக்கடைகளில் சட்டி எண்ணெய் கறுத்து நுரைக்கிறது என்றால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெய் உடைந்து துருவச் சேர்மங்கள் என்று சொல்கிற பொருட்கள் சேர்ந்துகொண்டே போகும், அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் விதி வைத்திருக்கிறது. விதி இருக்கிறது, தட்டுக்கடைச் சட்டியை யார் அளந்து பார்க்கிறார்கள்? எல்லாக் கடையையும் ஒரே மாதிரி சொல்லக்கூடாது, தினமும் புது எண்ணெய் ஊற்றுகிற கடைகள் எனக்கே தெரியும். ஆனால் வீட்டிலும் மிச்ச எண்ணெயை மூடி வைத்து மறுநாள் மீன், அடுத்த நாள் பப்படம் என்று ஓட்டுகிறோமே, அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் இந்தப் பெட்டி வந்ததும் நின்றது. மிச்ச எண்ணெய் என்று ஒன்று இப்போது இல்லவே இல்லை. எனக்கு இந்தப் பெட்டியில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

உருளைக்கிழங்கு விஷயத்துக்கு வருகிறேன். நீளமாக நறுக்கி அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, துணியில் ஈரம் ஒற்றி, கொஞ்சம் எண்ணெய் புரட்டி 180-இல் வைத்தால் இருபது நிமிடத்தில் அருமையாக வரும். ஊறவைப்பதை விடாதீர்கள். மாவுச்சத்துள்ள பொருளை 120 டிகிரிக்கு மேல் காய்ந்த சூட்டில் வைத்தால், அதிலிருக்கிற சர்க்கரையும் ஆஸ்பராஜின் என்கிற அமினோ அமிலமும் சேர்ந்து அக்ரிலமைடு என்று ஒன்று உருவாகும். சுவீடன் நாட்டுக்காரர்கள் 2002 ஏப்ரலில் இது சாப்பாட்டில் இருப்பதை வெளியே சொன்னபோது உலகமே பதறியது, ஏனென்றால் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் வைத்திருந்தது. சாப்பாட்டின் வழியாகப் போகிற அளவில் மனிதர்களுக்கு எவ்வளவு கெடுதல் என்பதில் இன்றுவரை ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, அதற்காகக் கருகியதைத் தின்ன வேண்டியதும் இல்லை. தண்ணீரில் ஊறவைத்தால் மேலே இருக்கிற சர்க்கரை கொஞ்சம் கரைந்து போய்விடும், அக்ரிலமைடும் குறையும். பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள், பழுப்பு ஏற விடாதீர்கள்.

ஏர் ஃப்ரையர் இதைக் குறைக்கிறதா என்றால், சில சோதனைகளில் நன்றாகவே குறைந்திருக்கிறது, சிலவற்றில் எண்ணெயில் பொரித்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. யோசித்தால் நியாயம்தான், சூடு அதே சூடு, காய்ந்த நிலையும் அதே நிலை. எண்ணெய் குறைந்தது என்பதற்காக இதில் கருக வைத்துத் தின்றால் லாபம் இல்லை. அவித்த உருளைக்கிழங்கில் இந்தப் பேச்சே கிடையாது, தண்ணீர் இருக்கிறவரை சூடு 100-ஐத் தாண்டாது. இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை எல்லாவற்றுக்கும் இதே நிம்மதி.

ஏத்தங்காய் வத்தல் இதில் போடலாம் என்று யூடியூபில் காட்டுகிறார்கள். நம்பாதீர்கள். மெல்லிசாகச் சீவி மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்து எண்ணெய் தடவி 160-இல் வைத்தால் காய்கிறது, பொரிவதில்லை. பல்லுக்குக் கடினமான ஒரு சக்கை வரும். தேங்காய் எண்ணெயில் கொதிக்கும்போது உப்புத் தண்ணீர் தெளித்து எடுக்கிற அந்த மஞ்சள் வத்தலின் மணமும் முறுமுறுப்பும் எண்ணெயால்தான் வருகிறது, அதற்கு மாற்று கிடையாது. ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் நல்ல கடையில் நல்ல வத்தல் வாங்கி ஒரு கைப்பிடி தின்னுங்கள், டப்பாவில் போட்டு டிவி முன்னால் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பழம்பொரியும் அப்படியே. தளர்வான மாவில் முக்கி வைத்தால் மாவு ஓட்டை வழியாக ஒழுகிக் கீழே அப்பிக்கொள்ளும், சுத்தம் செய்ய ஒரு மணி நேரம். ஆனால் நன்றாகப் பழுத்த ஏத்தன்பழத்தை நீளவாக்கில் கீறி, துளி நெய் தடவி 170-இல் எட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள், ஓரமெல்லாம் தேன் மாதிரி இளகி, மாவும் வேண்டாம் சர்க்கரையும் வேண்டாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பழம்பொரியை மறந்தே விட்டார்கள். கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் மட்டும் புட்டோடு சேர்த்து அவித்த பழம்தான், அதில் மாற்றம் இல்லை.

மரச்சீனியில் கவனம் வேண்டும், இது சுவை பற்றிய பேச்சு இல்லை. பச்சை மரச்சீனியில் லினமரின் என்று ஒன்று இருக்கிறது, அதிலிருந்து சயனைடு வரும். அம்மாக்கள் நிறையத் தண்ணீரில் மூழ்க வேகவைத்து, மூடாமல் கொதிக்கவிட்டு, தண்ணீரை வடித்து ஊற்றுவது, கசப்பு இனம் என்றால் இரண்டு தடவை வடிப்பது, எல்லாம் இதற்காகத்தான். லினமரின் தண்ணீரில் கரைந்து வெளியேறும், சயனைடு ஆவியோடு போய்விடும். காய்ந்த சூட்டில் லினமரின் அப்படியே தங்கிவிடும், அதனால் பச்சை மரச்சீனியை நறுக்கி நேராகப் பெட்டியில் வைக்காதீர்கள். அவித்து வடித்த மரச்சீனியை விரல் நீளத்துக்கு நறுக்கி, மிளகாய், உப்பு, கொஞ்சம் எண்ணெய் புரட்டி 190-இல் வைத்தால் உருளைக்கிழங்கை விட நன்றாக இருக்கிறது, இது எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் கட்டாயம். ஆனால் மரச்சீனியும் சாளைக் கறியும் சேர்த்து வைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதை மதிக்கிறேன். சயனைடை உடம்பு செயலிழக்க வைக்கக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும், அது மீனில் இருக்கிறது. வெறும் மரச்சீனியில் புரதம் ரொம்பக் குறைவு.

கோழிக்கு வந்தால் பெட்டிக்கு முழு மார்க் கொடுக்கலாம். இரண்டு மாநிலத்திலும் ரோட்டோரம் கோழியைக் கனலில் சுட்டுத் தருகிற அல்ஃபாம் கடைகள் வரிசையாக வந்துவிட்டன, ராத்திரியில் வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள் குறைவு. கனலில் சுடும்போது கோழியின் கொழுப்பு தீயில் சொட்டி, புகை எழுந்து திரும்பக் கறிமேல் படியும், அந்தப் புகையில் புற்றுநோயோடு தொடர்புள்ள சேர்மங்கள் இருக்கின்றன. கறியை 150 டிகிரிக்கு மேல் நேரம் கூட வைத்துக் கருக்கினால் அதிலேயே வேறு சில கெட்ட சேர்மங்கள் உருவாகும். பெட்டியில் கனல் இல்லை, கொழுப்பு கீழே தட்டில் விழுகிறது. தட்டில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டால் அந்தக் கொழுப்பு புகையவும் செய்யாது. தயிரும் எலுமிச்சையும் மசாலாவும் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்த கால் துண்டு, 180-இல் இருபத்தைந்து நிமிடம், எலும்பை ஒட்டிய இடத்தில் சிவப்பு இல்லை என்று பார்த்து எடுங்கள், உள்ளே 74 டிகிரி எட்டியிருக்க வேண்டும். இதோடு கடையில் தருகிற மயோனைஸ் வேண்டாம். பச்சை முட்டையில் செய்ததால் கேரளத்தில் 2023 ஜனவரியில் தடை வந்தது, தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் வந்தது. சுட்ட கோழியால் வந்த வயிற்றுக்கோளாறு என்று நினைக்கிற பலது வேகாத அந்த முட்டையால் வந்ததாக இருக்கலாம்.

காய்கறியில் பெட்டிக்கு வேலை குறைவு. வெண்டைக்காய், கத்தரிக்காய், காலிஃபிளவர் நன்றாக வரும், குறிப்பாக வெண்டை வழவழப்பு இல்லாமல் வரும். கீரையை வைக்காதீர்கள், விசிறிக் காற்றில் இலை பறந்து மேலே கம்பிச் சுருளில் ஒட்டிக் கருகும். பப்படமும் பறக்கும், மேலே ஒரு கம்பித் தட்டு வைத்து அமுக்கினால்தான் நிற்கும். முருங்கைக்கீரைத் துவரன் சட்டியில் ஐந்து நிமிடத்தில் ஆகிவிடுகிறது, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வைத்து, கடைசியில் தேங்காய் சேர்த்துப் புரட்டுகிறோம். வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும், அதனால் குறைந்த தண்ணீர், குறைந்த நேரம், மூடி, மூன்றும் சரி. கீரையில் இருக்கிற, வைட்டமின் ஏ-யாக மாறுகிற பீட்டா கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், அது தேங்காயில் இருக்கிறது. அவியலும் இப்படித்தான், காய் தன் ஈரத்திலேயே ஆவியில் வேகிறது. காயைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுகிற வீடுகள் இருக்கின்றன, அதைத்தான் நிறுத்த வேண்டும். தக்காளி மட்டும் வேறு, அது எண்ணெயில் வதங்கினால்தான் லைக்கோபீன் என்கிற சத்து நன்றாகக் கிடைக்கும்.

பயறு, கடலை, பருப்புக்கு இந்தப் பெட்டி தேவையே இல்லை. ஊறவைத்துக் குக்கரில் வேகவைப்பதை விட நல்ல வழி இல்லை, செரிமானத்தைத் தடுக்கிற பொருட்கள் அந்தச் சூட்டில் செயலிழந்துவிடும், மேலே சொன்ன ஐசிஎம்ஆர் வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும் ராத்திரிச் சாப்பாடாக இருக்கிற வீட்டில் ஏர் ஃப்ரையர் வாங்கித்தான் ஆரோக்கியம் வர வேண்டும் என்று இல்லை. புழுங்கலாக்கும்போது தவிட்டிலிருக்கிற தயமின் என்கிற வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது, கஞ்சியாகக் குடித்தால் வடித்த தண்ணீரில் போகிற சத்தும் நம்மிடமே இருக்கிறது.

இனி பெட்டியின் குறைகள். கூடைக்குப் பூசியிருக்கிற ஒட்டாத பூச்சு ஒரு வருடத்துக்குள் மூலைகளில் உரிய ஆரம்பித்துவிட்டது. கம்பி நார் போட்டுத் தேய்க்கவில்லை, மெத்தென்ற ஸ்பாஞ்சுதான். அந்தப் பூச்சு 260 டிகிரி வாக்கில்தான் உடைந்து புகை விடும், பெட்டி 200-ஐத் தாண்டாது என்று கம்பெனிகள் சமாதானம் சொல்வார்கள். ஐசிஎம்ஆர் வழிகாட்டி 170-க்கு மேலேயே எச்சரிக்கிறது. உரிந்த கூடையில் சமைக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் இப்போது உள்ளே ஒரு ஸ்டீல் தட்டு வைத்து அதில் மீனை அடுக்குகிறோம், காற்று ஓட்டம் கொஞ்சம் குறைகிறது, நேரம் ஐந்து நிமிடம் கூடுகிறது, பரவாயில்லை. கண்ணாடிக் கூடையும் ஸ்டீல் கூடையும் வைத்த பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன, விலை கொஞ்சம் கூட, புதிதாக வாங்குகிறவர்கள் அதையே பாருங்கள்.

4 லிட்டர் என்பது நாலு பேருக்கு என்று எழுதியிருப்பார்கள். மீன் என்றால் ஒரே அடுக்காகத்தான் வைக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அவிந்துபோகும், அப்படிப் பார்த்தால் ஒரு தடவைக்கு ஏழெட்டுச் சாளைதான். ஆறு பேர் உள்ள வீட்டில் மூன்று சுற்று ஓட வேண்டும், முதல் சுற்று ஆறிவிடும். கரண்ட் கணக்கு பயப்படும்படி இல்லை, இருபது நிமிடத்துக்கு அரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் போடாதீர்கள், சுவரில் இருக்கிற நல்ல பிளக்கில் நேராகப் போடுங்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும், பாதியில் நின்ற கோழியை அடுப்பில் தூக்கி வைக்க ஒரு சட்டி தயாராக இருக்க வேண்டும். மீன் வாடை ரப்பர் ஓரங்களில் தங்குகிறது, எலுமிச்சைத் தோலைப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டால் குறையும், முழுக்கப் போகாது. ஞாயிற்றுக்கிழமை கேக் செய்ய நினைக்கிறவர்கள் முந்தின நாள் சாளை வைக்காதீர்கள்.

ரூ.4,000-இலிருந்து ரூ.10,000 வரை விலை போகிறது. நாலு பேருக்கு மேல் இருந்தால் 6 லிட்டருக்குக் குறைந்து வாங்காதீர்கள். தொடுதிரை, பதினாறு வகை மெனு, செல்போன் இணைப்பு எதுவும் வேண்டாம், சூட்டுக்கு ஒரு திருகு, நேரத்துக்கு ஒரு திருகு இருந்தால் அம்மாவும் தானே வைத்துக்கொள்வார். வாங்கும்முன் கூடை மட்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கடையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பெட்டிக்குக் கூடை தனியாக வருவதில்லை, புதுப் பெட்டியே வாங்குங்கள் என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன், பாக்கி ஒன்றரையும் போனது அந்தக் கூடையால்தான்.